வாங்குபவர் யார், பரிமாறுபவர் யார்? வங்கதேசம் சென்ற ஒரு தமிழ்நாட்டுத் திட்டம்

ஓரிடத்தில் பலன் தந்த நலவாழ்வுத் திட்டத்தை வேறிடத்துக்குக் கொண்டுபோகும்போது மொழி, உணவு, விளக்கப் படங்கள் ஆகியவற்றை மாற்றினால் போதும் என்ற எண்ணம் திட்ட வல்லுநர்களிடையே வலுவாக உண்டு. அது போதாது என்பதற்கு வங்கதேச ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் சான்று.

அதற்கு முன்மாதிரி, உலக வங்கிக் கடனுதவியுடன் 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். 6 முதல் 36 மாதம் வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு, வளர்ச்சி அட்டையில் குறிப்பார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் சுமார் 90 நாள் இணையுணவு; தேறியதும் நிறுத்திவிடுவார்கள். தாய்க்கு அறிவுரை தொடரும். தாயின் பழக்கம் மாறினால் இணையுணவு நின்ற பிறகும் குழந்தை தேறிநிற்கும் என்பது கணக்கு. கடும் ஊட்டக்குறைவு குறையவும் செய்தது. (1982இல் விரிவடைந்த சத்துணவுத் திட்டத்தின் பங்கை இதிலிருந்து பிரித்தெடுப்பது எளிதன்று.)

1995இல் இதே திட்ட வடிவம் வங்கதேசம் சென்றது. அரிசி, பருப்பு, வெல்லம், எண்ணெய் சேர்ந்த ‘புஷ்டி’ பொட்டலங்களை ஊர்ப் பெண்களே தயாரித்தார்கள். உள்ளூர்மயமாக்கலில் இந்த அளவுக்குக் குறை சொல்ல இடமில்லை. ஆயினும், எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை என்று உலக வங்கியின் மதிப்பீட்டுப் பிரிவே 2005இல் அறிவித்தது. தாய்மார்கள் அறிவுரையைக் கேட்டார்கள், நினைவிலும் வைத்திருந்தார்கள். நடைமுறைப்படுத்தும் அதிகாரம்தான் பலரிடம் இல்லை. மீனும் காய்கறியும் வாங்கச் சந்தைக்குப் போனவர்கள் ஆண்கள். கூட்டுக் குடும்பங்களில் அடுப்படி மாமியாரின் ஆளுகையில் இருந்தது. சில வீடுகளில் பொட்டலம் வந்ததும் வீட்டுச் சாப்பாட்டின் அளவு குறைந்தது.

மாமியார் இல்லாத ஊர் எது என்று தமிழ் வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் சொந்தத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் தமிழ்க் குடும்பத்தில் மாமியார் பலருக்குச் சொந்த அத்தை. தாய்வீடும் பெரும்பாலும் பக்கத்தில். கடைக்கும் சந்தைக்கும் பெண்களும் போய்வருகிறார்கள். தென்னிந்திய உறவுமுறை பெண்களுக்குக் கூடுதல் தன்னுரிமை தருகிறது என்று ஆய்வாளர்கள் டைசனும் மூரும் 1983இலேயே எழுதினர். தமிழ்நாட்டுத் திட்டத்தைத் தாங்கிநின்ற இந்தச் சமூக நிலை திட்டத்தின் உள்ளீடாகக் கருதப்படவில்லை. அதனால் அது கூடவே பயணப்படவும் இல்லை. இத்தகைய துணைக்காரணிகளைத்தான் நான்சி கார்ட்ரைட்டும் ஜெரமி ஹார்டியும் 2012இல் வெளியான தம் நூலில், இதே திட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு விவாதித்தார்கள்.

இதிலிருந்து ‘மாமியாருக்கும் வகுப்பு எடுப்போம்’ என்று முடிவுகட்டுவது அவசரம். கூட்டுக் குடும்பங்கள் வங்கதேசக் கிராமங்களில் ஒரு பகுதிதான். சந்தை ஆண்கள் கையில் இருந்தது அதைவிடப் பரவலான தடை. மேலும், ‘மாமியார் வகுப்பு’ என்பதையே புதிய சூத்திரமாக்கி மூன்றாவது நாட்டுக்கு ஏற்றுமதி செய்தால் பழைய பிழையே தொடரும்.

எடை போடுவதில் தொடங்கிக் குழந்தையின் வாய்க்கு உணவு போய்ச்சேரும் வரை, ஒவ்வொரு படியிலும் முடிவெடுப்பவர் யார் என்பதைப் புதிய இடத்தில் நேரில் விசாரித்து எழுத வேண்டும். அப்படி எழுதிய பக்கம் இல்லாத திட்ட அறிக்கைக்கு நிதி ஒதுக்கக் கூடாது.