பொதிகை ஏற்றிய விளக்கு

குற்றாலத்துக்கு மின்சாரம் வந்த வழியை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் பணித்தார்கள். தலபுராணமும் அருவிகளின் பெருமையும் இம்மலரைக் கையில் எடுப்போர் அறிந்தவை. அவற்றை விட்டு மேலே செல்கிறேன்.

முதலில் சொல். தொல்காப்பியர் எழுத்ததிகாரத்துப் புள்ளிமயங்கியலில் மின், பின், பன், கன் என்னும் நான்குக்கும் சேர்த்தே புணர்ச்சி விதி வகுத்திருக்கிறார். வானில் கணப்பொழுது தோன்றி மறைவதற்கு முன்னோர் இட்ட பெயர்தான், இன்று கம்பியில் ஓயாமல் ஓடுவதற்கும் முதற்பாதியாய் நிற்கிறது. ‘கரண்டு’ என்று பேசிப் பழகிவிட்டோம். எழுதும்போதாவது மின் என்னும் சொல் நம் கையில் வரட்டும்.

அடுத்து ஓர் ஊர்ப்பெயர்க் குழப்பம். குற்றாலத்தில் எரிவாயு மின்நிலையம் இருக்கிறதாமே என்று வெளியூர் அன்பர்கள் சிலர் என்னைக் கேட்டதுண்டு. அது சோழநாட்டுக் குத்தாலம். உத்தால மரத்தால் பெயர் பெற்றதாகச் சொல்லப்படும் அத்தலம் தேவாரத்தில் துருத்தி. நம்முடையது குற்றாலம், கோயில் குறும்பலா. இரண்டையும் திருஞானசம்பந்தர் பாடியிருக்கிறார். குத்தாலத்தை அடுத்த மருதூரில் காவிரிப் படுகையின் இயற்கை எரிவாயுவைக் கொண்டு 101 மெகாவாட் நிலையம் நடக்கிறது. எரிவாயு சுழலியை ஓட்டிய பின் எஞ்சும் வெப்பத்தையும் வீணாக்காமல் நீராவியாக்கி இன்னொரு சுழலியை ஓட்டுகிறார்கள்.

நமக்கு விளக்கேற்றியது நீர். சிற்றாறு அருவியாய்த் தலையில் விழுந்து குளிர்விப்பதோடு நின்றது. அதே மலைத்தொடரில் பிறக்கும் தாமிரபரணி ஒளியைச் சுமந்தது. 1880களிலேயே விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி ஆலை ஆற்று நீரின் விசையால் பஞ்சை நூலாக்கியது. நீர்மின் நிலையங்கள் பின்னர் வந்தன: பைக்காரா 1932, மேட்டூர் 1937, அடுத்து 1944இல் தாமிரபரணிக் கரையில் பாபநாசம். அன்று உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. இயந்திரம் ஒன்றைக் கடல் கடந்து வருவிப்பதே பெரும்பாடு. அந்தக் காலத்தில் நம் மலையடியில் மின்நிலையம் எழுந்தது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு விம்முகிறது. குழாய் வழியே இறங்கிச் சுழலியைச் சுற்றிவிட்ட நீர் ஒரு துளியும் குறையாமல் ஆற்றில் சேர்ந்து, கோடைமேலழகியான் அணை முதலாக வயல்களுக்குப் பாய்கிறது. விளக்குக்கும் அதே நீர், நெல்லுக்கும் அதே நீர்.

உரிமம் பெற்ற தனியார் கம்பெனிகள் ஊர்தோறும் மின்சாரம் விற்ற காலமும் உண்டு. 1957 ஜூலை முதல் நாள் மின்சார வாரியம் அமைந்தபின் அந்த ஏற்பாடு படிப்படியாக மறைந்தது.

இப்போது காற்றும் சேர்ந்துகொண்டது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்றுதான் நமக்குச் சாரலைத் தருகிறது. கிழக்கே போய்ச் சுரண்டை, கயத்தாறுப் பக்கத்துக் காற்றாலைகளையும் சுற்றுகிறது.

அந்தக் காற்று முறிக்கும் கிளை மின்கம்பியின்மேல் விழுந்தால் தெருவே இருண்டுவிடும். ‘கரண்டு எப்ப வரும்?’ என்று போனில் கடிந்துகொள்கிறோம். மலர் வெளியீட்டு மேடையில் பெரியோருக்குப் போர்த்தும் பொன்னாடைகளில் ஒன்றை நம் பகுதி லைன்மேனுக்கு ஒதுக்குங்கள் என்று குழுவினரை வேண்டுகிறேன். சென்ற ஆடியில் எங்கள் தெருவில் ஒருவர், பியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டு, வழுக்கும் கம்பத்தில் ஏறினார். கீழே நாங்கள் குடை பிடித்து நின்றோம். அவருக்குக் குடை பிடிக்க வழியில்லை.