பாக்குத் தோப்புக்குள் ஒரு நாடகப் பள்ளி

மலர்க் குழு அண்ணன் போன் செய்து, “தம்பி, கட்டுரை ஒண்ணு வேணும். ஆனா போன மலர்ல எழுதின மாதிரி டிரான்ஸ்பார்மர் எண்ணெய் பத்தி வேண்டாம்ப்பா. எல்லாரும் படிக்கிற மாதிரி ஏதாவது எழுது” என்று அன்புக் கட்டளை இட்டுவிட்டார். சரி, இந்த முறை எண்ணெய் இல்லை, நாடகம்!

காரணம் இருக்கிறது. நம் கல்லூரிக்கு ஒரு புதிய கலையரங்கம் கட்டித் தர வேண்டும் என்ற யோசனை சங்கத்தில் பேசப்பட்டு வருகிறது. நல்ல யோசனைதான். அதற்கு நன்கொடைச் சீட்டு அச்சடிக்கும் முன்பாக, கர்நாடகத்துக் கிராமம் ஒன்றின் கதையை நம் அன்பர்கள் காதில் போட்டு வைக்க ஆசைப்படுகிறேன். வேலை நிமித்தமாக ஜோக் அருவிப் பக்கத்து நீர்மின் நிலையத்தில் சில மாதங்கள் தங்கியிருந்தபோது எனக்குப் பரிச்சயமான ஊர் அது.

ஊரும் பேரும்

ஊரின் பெயர் ஹெக்கோடு. ஷிமோகா மாவட்டம் (இப்போது சிவமொக்கா என்கிறார்கள்), சாகர தாலுகா. மலைநாட்டுப் பகுதி. மழை பெய்ய ஆரம்பித்தால் மாதக்கணக்கில் பெய்யும். சுற்றிலும் பாக்குத் தோப்புகள். வழக்கமான சின்னக் கிராமம்தான். இந்த ஊரில்தான் 1949-ல் ஒரு நாடகக் குழு தொடங்கப்பட்டது. முழுப் பெயர் ஸ்ரீ நீலகண்டேசுவர நாட்டியசேவா சங்கம். நீலகண்டேசுவரரின் ‘நீ’, நாட்டியத்தின் ‘நா’, சங்கத்தின் ‘சம்’ மூன்றையும் சேர்த்து ‘நீநாசம்’ என்று கூப்பிடுகிறார்கள்.

தொடங்கியவர்கள் தோப்பு வேலை பார்க்கும் உள்ளூர் இளைஞர்கள். அவர்களில் ஒருவர் கே.வி. சுப்பண்ணா. 1932-ல் பிறந்தவர். கணக்குப் போட்டுப் பாருங்கள், அப்போது அவருக்கு வயது 17! பிறகு மைசூருக்குப் படிக்கப் போனார். கவிஞர் குவெம்புவின் மாணவர். பட்டம் வாங்கியவர் நகரத்திலேயே வேலை தேடிக் கொண்டிருக்கலாம். அப்படிச் செய்யாமல் ஊருக்கே திரும்பி வந்துவிட்டார். தோப்பையும் பார்த்துக்கொண்டார், நாடகத்தையும் பார்த்துக்கொண்டார். ‘அக்ஷர பிரகாசன’ என்று ஒரு பதிப்பகத்தையும் அந்தக் கிராமத்திலிருந்தே நடத்தினார்.

இப்போது ஒரு முக்கியமான கணக்கு. நீநாசத்துக்குச் சொந்தமாக அரங்கம் வந்தது 1972-ல். எழுத்தாளர் சிவராம காரந்தரின் பெயரைத் தாங்கிய ரங்கமந்திரம் அது. யட்சகானக் கலைக்கு வாழ்நாளெல்லாம் உழைத்தவர், 1977-ல் ஞானபீடப் பரிசு பெற்றவர் காரந்தர். ஆக, குழு பிறந்து 23 ஆண்டு கழித்துத்தான் கட்டடம் எழுந்தது. அதுவரை அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பார்க்கத் தெரிந்த ஊர்

அடுத்து அவர்கள் செய்த காரியம்தான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. 1973-ல் அந்தக் கிராமத்தில் ஒரு திரைப்படச் சங்கம் ஆரம்பித்தார்கள். சத்யஜித் ரே, ஜப்பானிய இயக்குநர் குரோசாவா போன்றவர்களின் படங்கள் பாக்கு உரிக்கும் ஜனங்களுக்குத் திரையிடப்பட்டன. “அவங்களுக்கு இதெல்லாம் புரியுமா?” என்று நம்மில் யாராவது கேட்பார்கள். புரிந்தது. படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடாமல், அதைப் பற்றி ஊராரோடு உட்கார்ந்து பேசினார்கள். திரைப்பட ரசனை வகுப்புகளையே நடத்தினார்கள்.

நடிகனுக்குப் பயிற்சி தருவது எல்லோருக்கும் தோன்றுகிற விஷயம். பார்க்கிறவனுக்கும் பயிற்சி வேண்டும் என்பது எத்தனை பேருக்குத் தோன்றும்? நான் அங்கே ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றைக் கன்னடத்தில் பார்த்தேன். எனக்குக் கன்னடம் அரைகுறைதான். மறுநாள் காலை சாகரத்தில் டீ குடிக்கப் போன இடத்தில், கடைக்காரர் முந்தைய நாள் நாடகத்தைப் பற்றி ஒரு வாடிக்கையாளரோடு வாக்குவாதம் செய்து கொண்டிருந்தார். ராஜா வேஷம் கட்டியவர் கடைசிக் காட்சியில் ரொம்பக் கத்திவிட்டாராம். நம் ஊர் டீக்கடையில் கிரிக்கெட் பற்றி எந்தச் சூட்டோடு பேசுவோமோ, அதே சூடு! அந்த ஜனங்கள் முன்னால் நடிக்கிற நடிகன் ஏனோதானோ என்று நடித்துவிட முடியுமா?

பள்ளிக்கூடம் வந்தது

1980-ல் நீநாசம் ஒரு நாடகப் பள்ளியைத் தொடங்கியது. அதற்கு முன்பு முறையாக நாடகம் படிக்க வேண்டுமென்றால் டில்லியில் 1959-ல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளிக்குப் போக வேண்டும். கன்னடம் மட்டுமே தெரிந்த கிராமத்துப் பையனுக்கு அது எட்டாத தூரம். ஹெக்கோட்டில் பத்து மாதப் படிப்பு, கன்னடத்திலேயே. நடிப்பு, குரல், உடற்பயிற்சி, அரங்க அமைப்பு, ஒளி, ஒப்பனை, நாடக வரலாறு எல்லாம் உண்டு. படித்துக்கொண்டே நாடகங்களையும் மேடையேற்ற வேண்டும். ராஜா வேஷம் போடுகிறவனும் ஆணி அடிக்கத்தான் வேண்டும். நம் முதலாண்டு ஒர்க்ஷாப்பில் ஃபைலிங் போட்டுக் கை காய்த்தது ஞாபகம் வருகிறதா? அதே கதைதான்!

1980-களின் தொடக்கத்தில் ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு ‘ஜனஸ்பந்தன’ என்ற திட்டத்தை நடத்தி, நாடகப் பயிற்சியையும் திரைப்பட ரசனையையும் மாநிலத்தின் வேறு ஊர்களுக்கும் கொண்டு போனார்கள்.

படித்து முடித்தவர்கள் எங்கே போவது? எந்தப் படிப்புக்கும் உள்ள கேள்விதான் இது, நமக்குத் தெரியாததா! அதற்கு விடையாக 1985-ல் வந்தது ‘திருகாட்ட’. நம்முடைய ‘திரிதல்’ என்ற சொல்லின் உறவுக்காரச் சொல்தான். அதாவது ஊர் ஊராகத் திரியும் நாடகக் குழு. ஆண்டுதோறும் மூன்று நான்கு நாடகங்களைத் தயாரித்து எடுத்துக்கொண்டு, மழை ஓய்ந்த மாதங்களில் கர்நாடகம் முழுக்கச் சுற்றுவார்கள். அந்தந்த ஊர் அமைப்புகள் ஏற்பாடு செய்யும். சமஸ்கிருத நாடகமும் வரும், ஷேக்ஸ்பியரும் வருவார், பிரெக்டும் வருவார், புதிய கன்னட நாடகமும் வரும்.

எஞ்சினியர் புத்தி எங்கே போகும்? நான் போய் அவர்களுடைய விளக்குச் சாமான்களைத்தான் முதலில் பார்த்தேன். ஒவ்வொரு கேபிளிலும் எண் எழுதி ஒட்டியிருந்தது. செட் முழுக்கக் கழற்றி மாட்டுகிற வகை. வண்டியில் ஏறாத எதையும் அவர்கள் செய்வதில்லை. நாளைக்குப் போகிற ஊரில் கல்யாண மண்டபம் இருக்குமோ பள்ளிக்கூட மேடை இருக்குமோ, மின்சாரம் எப்படியிருக்குமோ என்பதையெல்லாம் யோசித்துச் செய்த ஏற்பாடு. கலை என்றால் கலைந்து கிடக்கும் என்று நினைப்பவர்கள் ஒருமுறை அதைப் பார்க்க வேண்டும்.

1991-ல் சுப்பண்ணாவுக்கு மக்சேசே விருது கிடைத்தது. நீநாசத்தில் பயின்றவர்கள் நாடகத்திலும் சினிமாவிலும் பரவினார்கள். ‘லூசியா’ (2013) என்ற கன்னடப் படத்தின் கதாநாயகர் சதீஷ், தன் பெயரோடு நீநாசம் என்பதையும் சேர்த்தே வைத்துக்கொண்டார். படித்த பள்ளியின் பெயரையே பெயராக்கிக்கொள்வது என்றால் சும்மாவா?

2005-ல் சுப்பண்ணா காலமானார். பொதுவாக நம் நாட்டில் அமெச்சூர் குழுக்கள் ஆரம்பித்தவரோடு முடிந்து போகும். இங்கே அப்படி ஆகவில்லை. அவர் மகன் கே.வி. அக்ஷரா ஏற்கெனவே தேசிய நாடகப் பள்ளியில் பயின்று வந்து நாடகங்களை இயக்கிக்கொண்டிருந்தார். பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் இருந்தார்கள். சுப்பண்ணா மறைந்த பிறகும் பள்ளி நடந்தது, திருகாட்ட வண்டியும் கிளம்பியது.

நம் பக்கத்திலும்

தமிழில் யாரும் இல்லையா என்றால், உண்டு. ந. முத்துசாமி முன்னின்று 1977-ல் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை, புரிசை கண்ணப்பத் தம்பிரான் போன்ற தெருக்கூத்து ஆசான்களிடம் நடிகர்களைப் பயிற்சி பெற வைத்தது. பசுபதி, கலைராணி முதலியவர்களை நமக்குச் சினிமாவில் தெரியும். அவர்கள் அந்தப் பட்டறையில் வார்க்கப்பட்டவர்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்காளராக வேலை பார்த்தவர் என்பது ஊரறிந்த செய்தி. முத்துசாமி 2018-ல் மறைந்தார். நகரத்தில் வாடகை கொடுத்து, முழுநேர நடிகர்களுக்குச் சோறு போட்டு ஒரு குழுவை நடத்துவது எத்தனை பெரிய பாடு என்பதை அந்தக் குழுவின் வரலாறு சொல்லும். ஹெக்கோட்டுக்கு ஒரு ஊரே பின்னால் நின்றது. அந்த வகையில் அவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

நமக்கு என்ன?

நம் கல்லூரி நாடகக் குழுவை நினைத்துப் பாருங்கள். நாங்கள் இருந்தபோது விடுதி நாள் நாடகத்துக்கு மெஸ் பெஞ்சுகள்தான் மேடை, போர்வைதான் திரை. ஆனாலும் நாடகம் நடந்தது. எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்த இறுதியாண்டு அண்ணன் ஒருவர் பாஸாகிப் போனார். அதோடு நாடகமும் போனது. இன்றைக்குக் கல்லூரியில் ஏ.சி. செமினார் ஹால் இருக்கிறது, ஒலிபெருக்கி இருக்கிறது. நாடகம்தான் இல்லை.

மாணவர்கள் நான்கு வருடத்தில் போய்விடுவார்கள், அதனால் எதுவும் நிலைக்காது என்பார்கள். நீநாசத்தில் பத்தே மாதத்தில் போய்விடுகிறார்களே! அங்கே மாணவர்கள் மாறிக்கொண்டே இருந்தாலும் ஊர் மாறாமல் நிற்கிறது. வருஷா வருஷம் அந்தந்த மாதத்தில் அந்தந்த வேலை நடக்கிறது. நம் கல்லூரியில் அந்த ஊராக நிற்கக்கூடியவர்கள் யார்? முன்னாள் மாணவர்களாகிய நாம்தான்.

ஆகவே என் வேண்டுகோள் இது. கலையரங்க நிதியில் ஒரு சிறு பங்கை முதலில் ஒதுக்குவோம். ஆண்டுக்கு இரண்டு வாரம், பயிற்சி பெற்ற நாடகக்காரர் ஒருவரை அழைத்து வந்து மாணவர்களுக்குப் பட்டறை நடத்துவோம். முடிவில் ஒரு நாடகம். அதைப் பார்க்க, பேச, குறை சொல்ல நாம் குடும்பத்தோடு வந்து உட்காருவோம். மூன்றாம் ஆண்டு மாணவன் இரண்டாம் ஆண்டுத் தம்பியிடம் விளக்கையும் ஒயரையும் எண்ணி ஒப்படைத்துவிட்டுப் போகட்டும். ஐந்து வருஷம் இது தடையில்லாமல் நடந்தால், எந்த மாதிரி அரங்கம் வேண்டும் என்று அந்தப் பிள்ளைகளே வரைபடம் போட்டுத் தருவார்கள். அப்போது கட்டுவோம். செங்கல்லுக்கு என் பங்கை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சந்திப்பில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இதைப் பற்றிப் பேச விருப்பமுள்ளவர்கள் பழைய எலெக்ட்ரிகல் லேப் வாசலுக்கு வாருங்கள். பேசித் தீர்ப்போம். வாழ்க நம் கல்லூரி!