குளத்துப் பாசி ஏற்றிய விளக்கு

சில வாரங்கள் உறக்கமின்மை, ஓயாத பேச்சு, கரைகாணா உற்சாகம். பின்னர் படுக்கையை விட்டெழவும் மனமில்லாத சோர்வு. இவ்விரு எல்லைகளுக்கிடையே மனிதரை அலைக்கழிக்கும் நோயை மருத்துவர்கள் இருமுனை மனநிலைக் கோளாறு என்பர். இதனைப் பேயென்றும் சாபமென்றும் கூறும் பழக்கம் நம்மிடையே இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை.

1949-ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், லித்தியம் உப்பு இந்நோயின் வெறிநிலையைத் தணிப்பதைக் கண்டார். மருந்து கிடைத்தது, ஆயினும் மூளைக்குள் நிகழ்வது என்னவென்று விளங்கவில்லை. மின்முனையைச் செருகினால் அருகிலுள்ள நரம்பணுக்கள் யாவும் ஒருசேரத் தூண்டப்படும். மருந்தோ மூளையெங்கும் பரவும். ஒருவகை அணுவை மட்டும் இயக்கி, மற்றவற்றைத் தொடாமல் விடும் வழி வேண்டுமென 1979-இல் பிரான்சிஸ் கிரிக் எழுதினார். அவ்வழி ஒளியாக இருக்கலாம் என்பதையும் பின்னர் அவரே எடுத்துரைத்தார்.

விடை குளத்துநீரில் இருந்தது. கிளாமிடோமோனாஸ் என்னும் ஓரணுப் பாசி ஒளியை நாடி நீந்தும். ஒளி பட்டதும் வாயில்போல் திறக்கும் அதன் புரதத்தை ஜெர்மனியில் ஹேகமன், நாகெல், பாம்பெர்க் ஆகியோர் 2002, 2003-ஆம் ஆண்டுகளில் விளக்கினர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவர் கார்ல் டைசெராத், எட்வர்டு பாய்டன் முதலியோர் அதன் மரபணுவை நரம்பணுக்களில் புகுத்தினர். நீலஒளி பட்டதும் அவை இயங்கின என்று 2005-இல் அறிவித்தனர். இம்முறையே ஆப்டோஜெனடிக்ஸ் எனப் பெயர்பெற்றது.

2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வு நம் பொருளுக்கு நெருக்கமானது. உடற்கடிகார மரபணு பழுதுற்ற எலிகள் இரவில் இயல்பாகவும் பகலில் வெறிநிலையை ஒத்த துடிப்புடனும் இருந்தன. பகலில் அவற்றின் டோப்பமைன் அணுக்கள் அளவுமீறி இயங்கின. அவ்வகை அணுக்களின் இயக்கத்தை ஒளியால் நீடித்து மாற்றியபோது, அதே துடிப்பு தோன்றியது. உறக்கம் குலைவதும் மனம் குலைவதும் உடன்பிறப்புகள் என மருத்துவர் நெடுநாள் கண்டுவந்ததற்கு இங்கே ஒரு காரணம் தென்பட்டது.

எலி மனிதனன்று, இம்முறை இந்நோய்க்குரிய சிகிச்சையும் அன்று. எனினும், இந்த வரலாறு ஒன்றைத் தெளிவாக உணர்த்துகிறது. வெறிநிலையில் பிதற்றுபவர் தீயவர் அல்லர். சோர்வில் கிடப்பவர் சோம்பேறி அல்லர். நீரிழிவு உடலைச் சார்ந்ததுபோல் இதுவும் உடலைச் சார்ந்ததே.

ஆகவே, அன்பர்களே, நம் இல்லத்தில் ஒருவர் இவ்வாறு துன்புற்றால் முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். செபம் அவருக்குத் துணையாகட்டும். மருந்தை நிறுத்துவதற்குச் சாக்காக வேண்டாம். பாசியின் புரதம் மூளைக்குள் ஒளியேற்றியது. நோயுற்றவரின் அருகமர்ந்து, பழி கூறாமல் கேட்கும் பணியை எந்த ஒளிக்கருவியும் நமக்காகச் செய்துவிடாது.