நிலவும் நம்பிக்கையும் அறமும்: சீர்காழி சார்ந்த இரு தொண்டர் வரலாறுகள்

ஆய்வுச்சுருக்கம்

ஒரு சமூகம் பொதுவாக ஏற்றுக்கொண்ட நம்பிக்கையே அதன் அறமாகிவிடுமா என்பது மெய்யியலின் பழைய வினா. பெரியபுராணம் கூறும் திருநீலகண்ட யாழ்ப்பாணர், திருநாளைப்போவார் ஆகியோர் வரலாறுகளின்வழி இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது. இரண்டும் சீர்காழியையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் சார்ந்தவை. ஒரே சமூகத்தின் இரு நம்பிக்கைகள் மோதும்போது அம்மோதலின் சுமை யார்மேல் ஏற்றப்படுகிறது என்பதே அறத்தை அளக்கும் கோல் என இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ஒழுக்கம், அறம், தீட்டு, பெரியபுராணம், சீர்காழி, திருப்புன்கூர்

முன்னுரை

தமிழில் 'ஒழுக்கம்' என்னும் சொல் வழக்கமான நடைமுறையையும் குறிக்கும், நற்பண்பையும் குறிக்கும். திருக்குறளின் 'ஒழுக்கமுடைமை' அதிகாரத்திற்கு உரை எழுதிய பரிமேலழகர், அவரவர் வருணத்திற்கும் நிலைக்கும் விதிக்கப்பட்ட ஒழுக்கத்தை உடையராதல் என அதற்குப் பொருள் கூறினார். இவ்விளக்கத்தில் சமூகம் விதித்ததே ஒழுக்கமாகிறது.

இதே சிக்கலை இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இருவர் விவாதித்தனர். பொது ஒழுக்க நம்பிக்கைகளே சமூகத்தைப் பிணைக்கின்றன என 1959இல் நீதிபதி டெவ்லின் வாதிட்டார். 1963இல் அதனை மறுத்த எச்.எல்.ஏ. ஹார்ட், ஒரு சமூகத்தில் நிலவும் அறத்தையும், அந்த அறத்தையே சீர்தூக்கிப் பார்க்கும் அறத்தையும் வேறுபடுத்தினார். இவ்வேறுபாட்டைப் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்ப் பனுவல் ஒன்றிலேயே காண இயலும்.

சீர்காழிக்கு வந்த பாணர்

திருஎருக்கத்தம்புலியூரினராகிய யாழ்ப்பாணர் பிறப்பு காரணமாகக் கோயில் வாயிலுக்கு வெளியே நின்று யாழிசைத்தவர். மதுரையில் இறைவன் ஆணையால் உள்ளே அழைக்கப்பட்டார். திருவாரூரில் அவருக்கென வடதிசையில் தனிவாயில் அமைந்தது எனச் சேக்கிழார் கூறுகிறார். பின்னர் அவர் தம் மனைவியார் மதங்கசூளாமணியாருடன் ஞானசம்பந்தரைக் காணச் சீர்காழிக்கு வந்தார். அந்தணராகிய சம்பந்தர் அவரை 'ஐயர்' என விளித்து உடன் அழைத்துச் சென்றார். எனினும் வழிபாடு நிகழ்ந்த இடம் கோயிலின் புறமுன்றிலே. விளிச்சொல்லில் மரியாதை மாறியது. நிற்கும் இடத்தில் பழைய எல்லை தொடர்ந்தது.

அடுத்த படி சாத்தமங்கையில் நிகழ்கிறது. அங்கு வாழ்ந்த திருநீலநக்கர் வேதநெறி வழுவாத அந்தணர். சிவலிங்கத்தின்மேல் விழுந்த சிலந்தியைத் தம் மனைவியார் வாயால் ஊதிப் போக்கியதைத் தூய்மைக் குறைவாகக் கருதி அவரைத் துறக்க முற்பட்டவர். ஊதிய இடமொழிய ஏனைய இடமெல்லாம் கொப்புளமாயிருப்பதை இறைவன் கனவில் காட்டியபின் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். அவர் இல்லத்தில் தங்கிய சம்பந்தர், பாணருக்கும் அன்றிரவு இடம் தருமாறு கேட்டார். நீலநக்கர் மகிழ்ந்து, நடுமனையில் வேள்வித்தீ வளர்க்கும் வேதியின் அருகே இடம் அளித்தார். தீ அவியவில்லை, வலமாகச் சுழன்று முன்னினும் ஓங்கி ஒளிர்ந்தது என்கிறார் சேக்கிழார்.

திருப்புன்கூரும் தில்லையும்

கொள்ளிடக்கரை ஆதனூரில் புலையர் குலத்தில் பிறந்த திருநாளைப்போவார், கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் அளித்தவர். அவர் தந்த தோல் கோயிலுக்குள் ஒலித்தது. அவர் வெளியே நின்றார். வைத்தீசுவரன்கோயிலை அடுத்த திருப்புன்கூரில் அவர் இறைவனை நேரே காணுமாறு நந்தி விலகிற்று. விலகியது நந்தியே, வாயிலின் தடை விலகவில்லை.

தில்லையில் முடிவு கடுமையானது. தீயில் மூழ்கி எழுமாறு கனவில் ஆணை பிறக்கிறது. தில்லைவாழந்தணர் தீ அமைக்கின்றனர். அதில் புகுந்தவர் பூணூல் அணிந்த முனிவராக வெளிப்பட்டுக் கோயிலுள் மறைகிறார்.

இரு தீயின் பொருள்

சாத்தமங்கைத் தீ பாணரைப் பாணராகவே ஏற்றது. மாறியது வீட்டின் வழக்கம். தில்லைத் தீ தொண்டரின் உருவை மாற்றியது. மாறாதது கோயிலின் வழக்கம். இரண்டும் ஒரே நூலில், ஒரே புலவரால் போற்றப்படுகின்றன.

இதிலிருந்து இரண்டு கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, 'சமூகத்தின் பொது நம்பிக்கை' என்பது ஒற்றைப் பொருளன்று. பிறப்பால் தீட்டு உண்டு என்பதும், அடியார் எக்குலத்தவராயினும் வணங்கத்தக்கவர் என்பதும் ஒரே மக்களின் நம்பிக்கைகளே. ஆகவே ஒரு வழக்கத்தைக் கண்டிக்கும் அறக்குரல் சமூகத்திற்கு வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. இரண்டாவது, இரு நம்பிக்கைகளை இணக்கப்படுத்தும் முறையிலேயே அறம் வெளிப்படுகிறது. வலிமையுடையவர் தம் வழக்கத்தை நெகிழ்த்துவது ஒருவழி. வலிமையற்றவரின் உடலைத் தீயில் இறக்குவது மற்றொருவழி. பின்னதில் பக்தி வென்றதுபோல் தோன்றினும், தீட்டென்னும் நம்பிக்கை சிறிதும் இழக்கவில்லை.

அற்புதத்தின் எல்லையும் இங்கே புலனாகிறது. சேக்கிழார் ஆதனூர்ப் புலைப்பாடியின் குடிசைகளையும் உழைப்பையும் விரிவாக வருணித்தார். ஆயினும் அப்பாடியின் ஏனையோருக்கு எந்த வாயிலும் திறக்கவில்லை. விதிவிலக்கு ஒருவரை உயர்த்தும். விதியை உயர்த்தியவர் கையிலேயே விட்டுவிடும். விதியே மாறுவதற்கு 1939ஆம் ஆண்டு மதுரை ஆலய நுழைவும், 1947ஆம் ஆண்டு சென்னை மாகாண ஆலய நுழைவுச் சட்டமும், தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவும் தேவைப்பட்டன.

முடிவுரை

பலர் நம்புகின்றனர் என்பது ஒரு வழக்கம் நிலவுவதற்குச் சான்றாகலாம். அது நேரியது என்பதற்குச் சான்றாகாது. சீர்காழிக்கு அண்மையிலுள்ள ஆச்சாள்புரத்தில் சம்பந்தரின் திருமணத்தை நீலநக்கர் நடத்திவைத்தார் என்றும், அங்கு எழுந்த சோதியில் அவரும் யாழ்ப்பாணரும் உடன் புகுந்தனர் என்றும் புராணம் முடிக்கிறது. அச்சோதியுள் புகப் பாணர் வேறு உருவம் கொள்ளவேண்டியிருக்கவில்லை. நிலவும் நம்பிக்கையைச் சீர்தூக்குவதற்கான அளவுகோலைத் தமிழ் மரபு தன்னுள்ளேயே வைத்திருந்தது என்பதற்கு இது சான்று. அதனை எல்லார்க்கும் பொதுவாக்காமல் விட்டதே அம்மரபின் குறை.