கோல் கிடைத்த ஊர்

பெரியபுராணத்தில் ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்தை நடத்தி முடித்த நாள் அது. வகுப்பு கலைந்த பிறகு, முன்வரிசையில் அமரும் பார்வையற்ற மாணவர் ஒருவர் மேசையருகே வந்து நின்றார். "ஐயா, சுந்தரருக்குக் கண் கிடைத்த ஊர்கள் காஞ்சிபுரம், திருவாரூர் என்று எல்லாரும் சொல்கிறார்கள். கோல் கிடைத்த ஊரைத் தேர்வில்கூடக் கேட்பதில்லையே?" என்றார். இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்துபவன் நான். அந்தக் கேள்வி எனக்கு ஒருமுறையும் தோன்றியதில்லை.

வாசகர்கள் கதையை அறிந்திருப்பார்கள். எங்கள் வடசென்னைத் திருவொற்றியூரில், மகிழ மரத்தின் கீழ், சங்கிலியாரைப் பிரிந்து போகமாட்டேன் என்று சுந்தரர் சூளுரைக்கிறார். பிறகு தென்றல் வந்து தீண்டுகிறது. திருவாரூரின் வசந்த விழா நினைவுக்கு வருகிறது. ஒற்றியூர் எல்லையைக் கடந்ததும் இரு கண்ணும் ஒளி இழக்கின்றன. காஞ்சியில் இடக்கண், ஆரூரில் வலக்கண் மீள்கின்றன. அதற்கு முன்பே, திருவெண்பாக்கம் என்ற ஊரில் அவருக்கு ஓர் ஊன்றுகோல் கிடைக்கிறது. காஞ்சி வரையிலான வழியை அவர் கடந்தது அந்தக் கோலைக் கொண்டுதான். அந்தப் பழைய வெண்பாக்கம் இன்று இல்லை. 1944இல் முடிந்த பூண்டி நீர்த்தேக்கம் அதைத் தன்னுள் கொண்டுவிட்டது. கோயில் வேறிடத்தில் எடுத்துக் கட்டப்பட்டது.

மாணவர் காசிமேட்டுக்காரர். தாத்தா கட்டுமரத்தில் பாய் விரித்துப் போனவர். "நீங்கள் படகில் ஏறியிருக்கிறீர்களா?" என்று கேட்டேன். "ஏறியிருக்கிறேன் ஐயா, கரையில் கட்டிப்போட்டிருந்த படகில்" என்றார். அந்த விடைதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

*

பாய் விரித்து ஓடும் படகைச் செலுத்தக் கண் எவ்வளவு தேவை? பாய்மரப் படகின் எந்திரம் காற்று. காற்றைக் கண்டவர் எவருமில்லை. அது எத்திசையிலிருந்து வருகிறது என்பதைக் கன்னமும் காதுமடலும் பிடரியும் சொல்கின்றன. படகின் மூக்கு காற்றுக்கு மிக நேராகத் திரும்பிவிட்டால் பாய் படபடக்கும். அது காதுக்கான செய்தி. வேகம் கூடினால் படகின் விலாவில் நீர் உரசும் ஓசை மாறும். காற்று வலுத்தால் படகு ஒருபக்கம் சாயும்; அதை அமர்ந்திருக்கும் உடல் அறியும். பாய்க்கயிற்றின் இழுவிசையையும் சுக்கானின் திமிறலையும் கை அறியும். கண்ணுக்கு எஞ்சும் வேலை முக்கியமாக இரண்டு: எதிர்ப்படும் படகையோ பாறையையோ காண்பது, போகவேண்டிய இடத்தை அறிவது.

நம் பரதவர் இதை ஏட்டில் எழுதி வைக்கவில்லை, தொழிலாகவே வைத்திருந்தார்கள். மரங்களைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரத்தில், இருட்டிலேயே கடலுக்குள் போய் விடியும்போது வலைபோட்டவர்கள் அவர்கள். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்ததும், அலை காலடியில் புரளும் விதத்தைக் கொண்டு நீரோட்டத்தைக் கணித்ததும் உடம்பால் கற்ற கல்வி. 'கட்டுமரம்' என்ற நம் சொல்லே ஆங்கிலத்துக்குப் போய், இன்று உலகெங்கும் பந்தயம் ஓடும் இரட்டை உடற்படகுகளுக்குப் பெயராகியிருக்கிறது.

*

கண்ணின் அந்த இரண்டு வேலைகளை வேறெதனிடம் ஒப்படைப்பது என்பதுதான் பார்வையற்றோர் பாய்மரப் படகோட்டத்தின் வரலாறு.

1983இல் ஹாங்க் டெக்கர் என்ற பார்வையற்ற அமெரிக்கர் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஹவாய்த் தீவுகள் வரை தனியாகப் படகோட்டிச் சென்றார். தொட்டுப் படிக்கும் பிரெய்ல் திசைகாட்டி அவரிடம் இருந்தது. 1997இல் ஜெஃப் ஹில்டன் பார்பர், தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஆஸ்திரேலியாவின் ஃப்ரிமேன்டில் வரை தன்னந்தனியாக ஓட்டிச் சென்றார். அவர் கடந்தது நம் இந்தியப் பெருங்கடல். அவருக்குத் திசை சொன்னவை பேசும் கருவிகள்.

தனியாள் சாதனைகளைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, சாதாரண மனிதர்களுக்காக அமைக்கப்பட்ட ஏற்பாடுகள். பார்வையற்றோர்க்கான முதல் உலகப் படகோட்டப் போட்டி 1992இல் நியூசிலாந்தில் நடந்தது. ஒரு படகில் நால்வர். சுக்கானும் பெரும்பாயின் கயிறும் பார்வையற்ற இருவரின் கைகளில். பார்வையுள்ள துணைவர் வாயால் வழி சொல்லலாம், சுக்கானைத் தொடலாகாது. இந்த ஒரு விதிதான் பயணியைப் படகோட்டியாக்குகிறது.

இத்தாலியின் கார்டா ஏரியில் 1990களின் நடுவில் தோன்றிய 'ஹோமரஸ்' அமைப்பு மேலும் ஓரடி சென்றது. திரும்பவேண்டிய இடங்களில் ஒலியெழுப்பும் மிதவைகளை வைத்தார்கள். ஒவ்வொரு மிதவைக்கும் வெவ்வேறு ஒலி. எதிரே வரும் படகு எந்தப் பக்கம் காற்றை வாங்கி ஓடுகிறது என்பதையும் அதன் ஒலியே சொல்லும். இதனால் படகுக்குள் பார்வையுள்ளவர் ஒருவரும் இல்லாமலேயே இரு படகுகள் பந்தயம் ஓட முடிந்தது. கண் இழந்தவன் என்று மரபு சொல்லும் கிரேக்கக் கவி ஹோமரின் பெயரை அவர்கள் தேர்ந்தது பொருத்தமே.

பாராலிம்பிக்கில் படகோட்டம் 1996 அட்லாண்டாவில் செயல்விளக்கமாக வந்தது. 2000 சிட்னியில் பதக்கப் போட்டியாயிற்று. பார்வையற்றோரும் பிற உடற்குறையுடையோரும் ஒரே படகில் சேர்ந்து போட்டியிட்டார்கள். 2016 ரியோவுக்குப் பிறகு அது நீக்கப்பட்டது. திறந்த கதவு மீண்டும் சாத்தப்படலாம் என்பதற்கு இது சான்று.

ஜப்பானியர் மிட்சுஹிரோ இவாமோட்டோவின் கதை இதற்கு எதிர்ச்சான்று. பதினாறு வயதில் பார்வை இழந்தவர். 2013இல் பசிபிக்கைக் கடக்கப் புறப்பட்டபோது படகு திமிங்கிலத்தில் மோதி மூழ்கியது, மீட்கப்பட்டார். 2019 பிப்ரவரியில் அமெரிக்காவின் சான் டியேகோவிலிருந்து, பார்வையுள்ள ஒரு துணைவருடன் மீண்டும் புறப்பட்டு, ஏப்ரல் 20 அன்று ஃபுகுஷிமாவில் இடைநில்லாமல் கரை சேர்ந்தார். துணைவர் டக் ஸ்மித் படகோட்டப் பழக்கமில்லாதவர். படகை ஓட்டத் தெரிந்தவர் பார்வையற்றவர். கண்ணைக் கொடுத்தவர் மற்றவர்.

*

இனி நம் கரைக்கு வருவோம்.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட, தென்னை நாரால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகுகளே அலைகளைக் கடந்து ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தன. 1861இல் இரும்புக் கடற்பாலம் வந்தது. 1875இல் அலைதடுப்பு அரண்களின் பணி தொடங்கியது. 1881 நவம்பர்ப் புயல் அவற்றைப் பெருமளவு சிதைத்தது. 1904 முதல் 1919 வரை துறைமுகத்தின் தலைவராயிருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், கிழக்கு வாயிலை மூடி வடகிழக்கில் வாயில் அமைத்து, உள்ளே அமைதியான நீர்ப்பரப்பை உண்டாக்கினார். அவரே 1911இல் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பையும் நிறுவினார். பாய்மரப் படகு விளையாட்டாகச் சென்னையில் வேர்விட்டது துறைமுகச் சுவருக்குள்தான்.

அந்தச் சுவருக்கு வெளியே நடந்ததும் வரலாறே. நம் கரையில் கடல் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போவது. துறைமுக அரண் அதைத் தடுத்தது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் கிடைக்காமல் கடல் ஊருக்குள் புகுந்தது. ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை இன்று கரை என்று நாம் காண்பது பெரும்பாலும் கொட்டிய கருங்கற்களே. கட்டுமரம் இழுத்தேற்ற மணல் வேண்டும்; கோலூன்றி நடந்து நீரைத் தொடவும் மணல் வேண்டும். இரண்டும் ஒருங்கே போயின. பிறகு கண்ணாடியிழைப் படகும் எஞ்சினும் வந்தன. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாகவும் அவை பரவியதும், பாய் மீனவர் கையிலிருந்து நழுவியது.

ஆக, வடசென்னையில் பாய் என்பது தொழிலில் மறைந்து விளையாட்டில் எஞ்சியது. அந்த விளையாட்டில் நம்மவர் சோடைபோகவும் இல்லை. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகப் பாய்மரப் படகோட்டிய நேத்ரா குமணன், கே.சி. கணபதி, வருண் தக்கர், விஷ்ணு சரவணன் ஆகிய நால்வரும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். நீர், காற்று, படகு, பயிற்றுநர் எல்லாம் இங்கே உண்டு. துறைமுக வாயிலில் மட்டும் அனுமதிச் சீட்டு வேண்டும்.

எண்ணூர்க் கழிமுகத்தை நாடலாமே என்று சிலர் நினைக்கலாம். அமைதியான நீர்தான். ஆனால் 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதியதில் எண்ணெய் கரையெங்கும் படிந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய்க் கழிவு கழிமுகத்தையே மூடியது. நீரைத் தொட்டும் முகர்ந்தும் அறியவேண்டியவருக்கு, அந்த நீர் தூய்மையாயிருப்பதும் ஒரு வழிகாட்டிக் கருவியே.

*

"கண்ணுள்ளவனே மூழ்கும் கடலில் இது விபரீதமல்லவா?" என்ற கேள்வி நியாயமானது. விடையும் எளியது. அரணுக்குள் அமைதியான நீர், உடம்பில் மிதவைச் சட்டை, படகில் பார்வையுள்ள துணை, பக்கத்தில் மீட்புப் படகு: புதிதாகப் படகோட்டப் பழகும் எவருக்கும் இவை தேவைதானே! பார்வையற்றவருக்கு மிகுதியாகத் தேவைப்படுவது சில மணிநேரம். படகு கரையில் கட்டியிருக்கும்போதே ஒவ்வொரு கயிற்றையும் கொக்கியையும் விரலால் தடவி மனப்பாடம் செய்யும் நேரம் அது. கயிறுகளில் முடிச்சிட்டு அடையாளம் வைக்கலாம். சொல்லும் முறைப்பட வேண்டும். "அங்கே திருப்பு" என்பது பயனற்ற சொல். கடிகார முள்ளைக் கொண்டு "இரண்டு மணித் திசையில் மிதவை" என்றால் போதும்.

பந்துக்குள் மணிகளைப் போட்டுச் சத்தம் எழுப்பியதால்தான் பார்வையற்றோர் கிரிக்கெட் உண்டாயிற்று. 2012இல் பெங்களூரில் அவர்களுக்கான முதல் இருபது ஓவர் உலகக் கோப்பையை இந்தியா வென்றது. ஒலிக்கும் பந்துக்கும் ஒலிக்கும் மிதவைக்கும் தத்துவம் ஒன்றே. சட்டமும் துணை நிற்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, விளையாட்டுகளில் அவர்கள் பங்கேற்க வழிசெய்வதை அரசின் கடமையாக்குகிறது. 2022 நவம்பரில் மெரினாவில் சக்கர நாற்காலி கடலருகே செல்ல மரப்பாதை திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பெயர்த்தது. அந்தச் சிறு பாதையும் தெற்கே குவிந்த மணலின்மேல்தான் அமைந்தது என்பதை வடக்கே இருப்பவன் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

கண் கொடுப்பது இறைவன் செயல் என்று புராணம் சொல்கிறது. மருத்துவர் செயல் என்று நாம் சொல்வோம். இரண்டும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. கோல் கொடுப்பது மனிதரால் ஆவது. ஒலிக்கும் மிதவை ஒரு கோல். தொடாமல் வழிசொல்லும் துணைவர் ஒரு கோல். துறைமுக வாயிலில் வாரம் ஒருநாள் காட்டப்படும் தாராளமும் ஒரு கோல்தான்.

சென்ற வாரம் அந்த மாணவரிடம் இவாமோட்டோவின் கதையைச் சொன்னேன். திமிங்கிலத்தைப் பற்றிக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். "சுக்கான் யார் கையில் இருந்தது, ஐயா?" என்றார்.