அரை நீருக்கு அரை விளைச்சலா?



சில ஆண்டுகளுக்கு முன்பு ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு விகிதக் கணக்கு நடத்தும்போது கரும்பலகையில் ஒரு வினா எழுதினேன். "ஒரு வயலுக்குத் தேவையான நீர் முழுவதும் கிடைத்தால் 80 மூட்டை நெல் விளையும். பாதி நீரே கிடைத்தால் எத்தனை மூட்டை விளையும்?" எல்லாரும் 40 என்று எழுதினர். நானும் சரி என்று குறியிட்டேன். கணக்கு சரிதான், ஆனால் செய்தி தவறு. பயிர் நேர்விகிதத்தில் விளைவதில்லை என்பதைப் பிறகுதான் படித்து அறிந்தேன். அந்தப் பிழையைத் திருத்திக்கொள்ளும் முயற்சியே இக்கட்டுரை.

நம்மூர்க் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்தே தொடங்குகிறேன். முன்னாளில் பிட் தெரு என்று அழைக்கப்பட்ட சாலை இது. 1801-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பள்ளிவாசலும், அதனைச் சூழ்ந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களின் வாழ்வும் இச்சாலைக்கு இப்பெயரைத் தந்தன. தோளில் காவடிபோல் சுமந்து விற்கப்பட்ட நாசி கண்டார் சோறு இன்று இப்பகுதியின் அடையாளமாகிவிட்டது. நண்பகலில் இங்கு வரிசையில் நிற்கும்போது, இந்தச் சோற்றுக்கான நெல் எந்த நீரில் விளைந்தது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணுகிறோம்?

1786-இல் பிரான்சிஸ் லைட் இங்கு குடியேற்றம் அமைத்தபோது, பெருகும் மக்களுக்குப் போதுமான உணவு தீவில் விளையவில்லை. கடலுக்கு அப்பால் இருந்த கெடாவின் சமவெளியே இதற்கு அரிசி தந்தது. கெடா சுல்தானுடன் 1791-இல் செய்துகொண்ட உடன்படிக்கையில், பினாங்கிற்கு வேண்டிய உணவுப்பொருள்களைக் கெடாவில் தடையின்றி வாங்கலாம் என்ற விதியும் இடம்பெற்றது. தீவின் வயிறு அந்தச் சமவெளியை நம்பியே இருந்தது.

அச்சமவெளி மழையை நம்பியிருந்தது. 1885-இல் கெடாவின் முதலமைச்சர் வான் முகமட் சமான், அலோர்ஸ்டாரிலிருந்து குனோங் ஜெராய் மலையடிவாரத்தை நோக்கி ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய் ஒன்றை வெட்டத் தொடங்கினார். சதுப்பு நிலம் வடிந்து வயலாயிற்று. எனினும் ஆண்டுக்கு ஒரு போகமே விளைந்தது. 1966-க்கும் 1970-க்கும் இடையில், உலக வங்கியின் கடனுதவியுடன் மூடா, பெடு என்னும் இரு அணைகளும் அவற்றை இணைக்கும் சுரங்கவழியும் அமைந்த பிறகே நிலைமை மாறியது. ஏறக்குறைய 96,000 ஹெக்டர் வயல்களில் இருபோக நெல் விளையும் வாய்ப்பு உண்டானது. 1970-இல் இதற்கெனவே 'மாடா' என்னும் மூடா வேளாண்மை வளர்ச்சி வாரியம் அமைக்கப்பட்டது.

ஆனால் அணை கட்டினால் மட்டும் வானம் வசப்படுமா? 1977-78-இல் வறட்சி வந்தது. அணைகளில் நீர் போதவில்லை. 1978-ஆம் ஆண்டின் பருவமில்லாப் போகம் கைவிடப்பட்டது. அந்தப் போகத்தில் உழவருக்கு விளைச்சல் இல்லை. நடவுக்கும் அறுவடைக்கும் செல்லும் கூலித் தொழிலாளருக்கு வேலையும் இல்லை.

இவ்விடத்தில் ஒரு வினா எழுகிறது. இருக்கும் நீரை எல்லா வயல்களுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பகிர்ந்து, பாதி விளைச்சலையாவது பெற்றிருக்கக் கூடாதா? என்னுடைய கரும்பலகைக் கணக்கின்படி அது முடியும். அறிவியலோ வேறு விடை சொல்கிறது.

பயிர் நீரை என்ன செய்கிறது என்ற ஆராய்ச்சி மிகப் பழையது. 1699-இல் ஆங்கில அறிஞர் ஜான் உட்வர்டு, புதினாச் செடிகளை நீர் நிறைந்த கண்ணாடிக் குப்பிகளில் வளர்த்து எடைபோட்டுப் பார்த்தார். செடி உறிஞ்சிய நீரில் மிகச் சிறுபகுதியே உடலில் தங்கியது. மற்றதெல்லாம் இலை வழியே காற்றில் கலந்தது. 1910-களில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பிரிக்ஸ், ஷாண்ட்ஸ் ஆகிய இருவரும் பல பயிர்களைத் தொட்டிகளில் வளர்த்து, ஒரு பங்கு உலர்பொருள் உண்டாக எத்தனை பங்கு நீர் செலவாகிறது என்று அளந்தனர். 1958-இல் நெதர்லாந்தின் டி விட், இலை வழியே ஆவியாகும் நீருக்கும் விளைச்சலுக்கும் உள்ள தொடர்பைக் கோட்பாடாக வகுத்தார்.

இவற்றையெல்லாம் உழவருக்குப் பயன்படும் ஒரே சமன்பாடாகச் சுருக்கியது ஐக்கிய நாட்டு உணவு வேளாண்மை அமைப்பு. டூரன்போஸ், காசம் ஆகிய இருவரும் எழுதி 1979-இல் அவ்வமைப்பு வெளியிட்ட நூலில் அது இடம்பெற்றது. மூடாவில் ஒரு போகம் கைவிடப்பட்டதற்கு அடுத்த ஆண்டு அது!

சமன்பாடு எளியது. வயலிலிருந்தும் இலைகளிலிருந்தும் ஆவியாக வேண்டிய நீரில் எத்தனை விழுக்காடு குறைந்தது என்று பாருங்கள். அதனை அந்தப் பயிருக்குரிய எண்ணால் பெருக்குங்கள். வருவது விளைச்சல் இழப்பின் விழுக்காடு. பற்றாக்குறை பாதியளவைத் தாண்டாதவரை இக்கணக்கு ஏறத்தாழப் பொருந்தும்.

நிலக்கடலைக்கு அந்த எண் 0.7. நீர் 20 விழுக்காடு குறைந்தால் விளைச்சல் 14 விழுக்காடே குறையும். மக்காச்சோளத்திற்கு 1.25, அதே பற்றாக்குறைக்கு இழப்பு 25 விழுக்காடு. ஒரே வறட்சி, வெவ்வேறு தண்டனை!

இதைவிட முக்கியமானது பருவம். மக்காச்சோளம் இலைவிட்டு வளரும் பருவத்தில் மட்டும் நீர் குறைந்தால் எண் 0.4, பூக்கும் பருவத்தில் மட்டும் குறைந்தால் 1.5. அதாவது 20 விழுக்காட்டுப் பற்றாக்குறை, முன்னதில் 8 விழுக்காட்டையும் பின்னதில் 30 விழுக்காட்டையும் பறிக்கிறது. நெல்லும் அப்படித்தான். கதிர் வெளிவந்து பூக்கும் நேரத்தில் வயல் காய்ந்தால், பயிர் பச்சையாக நிற்கும், மணியோ பதராகிவிடும். பிறகு எவ்வளவு நீர் பாய்ச்சினாலும் பதர் நெல்லாகாது.

ஆகவே, எல்லா வயல்களையும் பாதி நீரில் தொடங்கிவிட்டுப் பூக்கும் பருவத்தில் மடையை மூடுவது, பாதி விளைச்சலைத் தராது. விதையும் உழைப்பும் அணையில் எஞ்சிய நீரும் ஒருசேரப் போய்விடும். "எவ்வளவு நீர்?" என்பதோடு "எப்போது?" என்ற கேள்வியையும் கேட்கச் சொல்கிறது இச்சமன்பாடு.

இச்சாலையில் கடைவைத்த முன்னோர் பலரின் பூர்வீகம் நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் பகுதிகள். காவிரி கடலைச் சேரும் கடைமடை அது. அங்குள்ள உழவருக்கு இந்த "எப்போது" புதிதன்று. 1934-இல் மேட்டூர் அணை திறக்கப்பட்ட பிறகு, ஜூன் 12 என்னும் நாள் குறுவைச் சாகுபடிக்கான நாளாயிற்று. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்நாளில் அணையைத் திறக்க இயலவில்லை. நீர் பின்னர் வந்தாலும் குறுவையின் பருவம் காத்திருப்பதில்லை. தமிழக உழவர்கள் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று சொல்லும் முறையும் இந்த அறிவின் பயனே. பயிர் பொறுக்கும் பருவத்தில் வயலைச் சற்றே காயவிட்டு, பொறுக்காத பருவத்தில் நிறையப் பாய்ச்சுவர்.

1979-ஆம் ஆண்டுச் சமன்பாடு முடிந்த முடிபன்று. 2001-இல் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம், நெதர்லாந்தின் வாகனிங்கன் அறிஞர்களுடன் இணைந்து ஒரைசா2000 என்ற நெற்பயிர்க் கணினி மாதிரியை வெளியிட்டது. 2009-இல் உணவு வேளாண்மை அமைப்பு அக்குவாகிராப் என்ற மென்பொருளை இலவசமாக வழங்கியது. மண்ணிலிருந்து வீணே ஆவியாகும் நீரையும், பயிரின் வழியே பயன்பட்டு ஆவியாகும் நீரையும் இது பிரித்துக் கணக்கிடுகிறது. நாள்தோறும் பயிரின் வளர்ச்சியையும் தொடர்கிறது.

ஆயினும் எந்த மாதிரியும் கணக்கில் சேர்க்காத ஒன்று உண்டு. 1978-க்குப் பிறகு மூடாவில் நாற்று நடுவது குறைந்து நேரடி விதைப்பு பரவியது. நாற்றங்காலுக்கும் சேறடிக்கவும் காத்திராமல், காய்ந்த நிலத்திலேயே விதைத்து மழையைப் பயன்படுத்தலாம். நீர் மிச்சமானது, ஆனால் நடவுக்கூலியை நம்பிய பெண்களின் வருமானம் போயிற்று. நீர்க்கணக்கில் இலாபம் என்பது எல்லாக் குடும்பங்களின் கணக்கிலும் இலாபமாக இருப்பதில்லை. இதையும் நாம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

பினாங்கு மக்கள் அருந்தும் நீரில் பெரும்பகுதி மூடா ஆற்றிலிருந்தே வருகிறது. அதே ஆற்றின் மேற்பகுதி நீர்தான் அணையில் தேங்கிக் கெடாவின் வயல்களுக்கும் செல்கிறது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் உணவருந்தும் நம் தட்டும் குவளையும் ஒரே ஆற்றை நம்பியிருக்கின்றன. வறண்ட ஆண்டில் அந்த நீரை எவருக்கு, எப்போது தருவது என்று முடிவெடுக்கப்போகிறவர்கள் இன்று நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளே.

இப்போது அதே விகிதக் கணக்கைக் கொடுக்கும்போது, வினாவில் ஒரு வரி சேர்த்துக்கொள்கிறேன்: "நீர் எந்தப் பருவத்தில் குறைந்தது?" அதற்குரிய எண்ணையும் தருகிறேன். ஆசிரிய நண்பர்கள் தங்கள் வகுப்பிலும், பெற்றோர்கள் வீட்டிலும் இதைச் செய்து பார்க்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.