படம் இருந்தால் நாவல் இல்லையா?

சுங்கைப் பட்டாணி இலக்கியக் கூட்டங்களில் வருஷம் தவறாமல் ஒரு புலம்பல் உண்டு: "பிள்ளைங்க எங்க வாசிக்குது? எந்நேரமும் போனுதான்." அந்தப் பிள்ளைகளில் சிலர் போனில் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், முப்பது நாற்பது மணி நேரம் ஓடும் விஷுவல் நாவல்களை. சொன்னால், "அது பொம்ம விளையாட்டு லா" என்று முடித்துவிடுகிறார்கள்.

விளையாட்டாகத் தொடங்கியது உண்மைதான். 1983இல் யூஜி ஹோரி செய்த 'போர்ட்டோபியா' ஒரு துப்பறியும் கணினி விளையாட்டு. கட்டளைகளைத் தட்டச்சு செய்தால்தான் கதை நகரும். திருப்பம் 1992இல் வந்தது. சுன்சாஃப்ட் நிறுவனம் 'ஒதோகிரிசோ'வில் திரை முழுக்க எழுத்தைப் பரப்பியது. படமும் ஓசையும் பின்னால் போயின. 'சவுண்ட் நாவல்' என்று பெயர் வைத்தார்கள். 1994இல் வந்த 'கமாயிதாச்சி நோ யோரு'வை எழுதிய அபிகோ தாகெமாரு, அச்சில் துப்பறியும் நாவல்கள் எழுதிப் பெயர் வாங்கியவர். அதில் மனிதர்களுக்கு முகமே கிடையாது, நீல நிழலுருவங்கள் மட்டும். ஆள் எப்படி இருப்பான் என்பதை வாசிப்பவர்தான் கற்பனை செய்ய வேண்டும். படம் கற்பனையைக் கொன்றுவிடும் என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்களோ!

1996இல் லீஃப் நிறுவனம் தன் வரிசைக்கு 'விஷுவல் நாவல்' என்று பெயரிட்டது. அந்த வரிசையில் ஆபாசம் இருந்தது, மறைப்பதற்கில்லை. இந்த வடிவத்தின் கெட்ட பெயருக்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் 2002இல் வரத் தொடங்கிய 'ஹிகுராஷி' ஒரு கிராமத்துக் கொலைக்கதை. அதில் வாசகர் தேர்ந்தெடுக்க அநேகமாக ஒன்றுமே இல்லை. பக்கம் புரட்டுவதுபோல் தட்டிக்கொண்டே போகவேண்டியதுதான்.

நமக்கு மட்டும் இது புதுசா? 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் மணியத்தின் ஓவியங்களோடுதான் வந்தது. தோட்டத்து வீட்டில் தாத்தா பைண்டு பண்ணி வைத்திருந்த தொகுப்பில் நான் முதலில் பார்த்தது நந்தினியின் கண்களை. எழுத்துக்கூட்டி வாசித்தது அப்புறம். அதை யாரும் பொம்மைக் கதை என்று சொன்னதில்லை.

2023இல் டொரோண்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட 'வெண்பா' இதற்கு நெருங்கிய உறவு. 1980களில் கனடா போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா கொடுத்த சமையல் குறிப்பேடு ஆங்காங்கே அழிந்திருக்கிறது. இட்லித் தட்டை எப்படி அடுக்குவது, புட்டுக்குழலில் எதை முதலில் போடுவது என்று விடுபட்டதை நாம் ஊகிக்க வேண்டும். மகன் தமிழிலிருந்து விலகிப்போவது கதை. அழிந்த வரிகளை நம்மையே நிரப்பச் சொல்வது அதைச் சொல்லும் முறை. இதை அச்சு நாவலில் இப்படிச் செய்ய முடியாது.

தமிழில் ஏன் இன்னும் நிறைய இல்லை? ஒரு காரணம் ரொம்பச் சின்னது. இவற்றை உருவாக்கப் பலரும் பயன்படுத்தும் இலவச மென்பொருள் ரென்பை, 2004இல் வந்தது. பல ஆண்டுகள் அதில் தமிழை உள்ளிட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று உடைந்து நின்றது. கதை எழுதி வைத்திருந்த பிள்ளை, 'கொ' சரியாக வராததால் ஆங்கிலத்துக்குப் போய்விடும்.